அதை நோட்டுல எழுது

பொதுப் பொருள் என்றால் என்ன என்று விளக்க, பொருளாதாரப் பாடப் புத்தகங்கள் கலங்கரை விளக்கத்தைத்தான் காட்டும். கடலில் போகிற எல்லாக் கப்பலுக்கும் அதன் வெளிச்சம் உண்டு. காசு கொடுத்த கப்பல், கொடுக்காத கப்பல் என்று அது பிரித்துப் பார்க்காது. சரியான உதாரணம்தான். ஆனால் சிவகங்கைச் சீமையில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைவிட நல்ல உதாரணம் ஊருக்கு மேற்கே கிடக்கிறது. எங்கள் கண்மாய்க் கரை. ஏரியைத்தான் நாங்கள் கண்மாய் என்போம்.

கரை நின்றால் ஊர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் அடிக்கிற மழையில் கரை உடைந்தால், மராமத்துக்கு ஆள் அனுப்பிய வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும், அனுப்பாத வீட்டுக்குள்ளும் வரும். உடையாமல் நின்றால் இரண்டு வீடும் பிழைக்கும். என் வீடு பிழைத்ததால் அடுத்த வீட்டின் பாதுகாப்பு கொஞ்சம்கூடக் குறைந்துவிடாது. யாரையும் விலக்கி வைக்க முடியாது, ஒருவர் அனுபவிப்பதால் இன்னொருவருக்குக் குறையாது. இந்த இரண்டு குணமும் சேர்ந்திருப்பதைத்தான் பொதுப் பொருள் என்கிறார்கள். 1954-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். சந்தையிடம் விட்டுவிட்டால் இப்படிப்பட்ட பொருள் தேவையான அளவுக்குக் கிடைக்காது என்பதுதான் அதன் சாரம்.

அதே கண்மாயில் கிடக்கும் தண்ணீர் வேறு ரகம். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வாய்தான் மடை. மேலமடையில் இன்றைக்குப் பாய்ந்த தண்ணீர் கீழமடைக்கு வராது. மீனும் அப்படித்தான். கோடையில் தண்ணீர் வற்றியதும், ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று துண்டை வீசுவார்கள். ஊத்தாவும் வலையும் கூடையுமாகச் சுற்றுப்பட்டு ஊர் சனமே உள்ளே பாயும். அன்றைக்கு யாரையும் தடுக்க முடியாது, ஆனால் முந்தினவனுக்குத்தான் விரால். விலக்குவது கடினம், ஆனால் எடுத்தால் குறையும். இதைப் பொதுவள ஆதாரம் என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள்.

இந்த வித்தியாசத்தை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரசாங்கம் எதற்கு என்ற கேள்விக்கான பதில் இதற்குள்தான் இருக்கிறது. கரையைக் காக்க எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்க வேண்டும். தண்ணீரைக் காக்க எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுக்க வேண்டும். வசூல், பங்கீடு. பஞ்சாயத்து முதல் பாராளுமன்றம் வரை எந்த அரசாங்கத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டில் அடங்கிவிடும். யாரிடம் எவ்வளவு வாங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அரசியல்.

கண்மாயில் இந்த அரசியலைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்மாய் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம் கலிங்கு. அதன் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். கல்லுக்குக் கல் நடுவே மண்ணை அணைத்து ஒரு சாண் உயர்த்திவிட்டால், கண்மாயில் கூடுதல் தண்ணீர் நிற்கும். கீழே ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் வயல்களில், கடைசி நனைப்பு கிடைக்காமல் கருகப் போகிற நெல் பிழைத்துவிடும். ஆனால் மேலே, தண்ணீர் தேங்கி நிற்கும் உள்வாயை ஒட்டி இருக்கும் பட்டா நிலத்துக்குள் தண்ணீர் ஏறும். வழிகிற தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு மறுகாலாகப் போவதும் தாமதமாகும். எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி மாதிரி. ஒன்று நிரம்பித்தான் அடுத்தது நிரம்பும். ஆக, ஒரு சாண் மண்ணுக்குள் மூன்று தரப்பின் வயிற்றுப்பாடு இருக்கிறது. இதை யார் முடிவு செய்வது?

பழைய ஏற்பாட்டில் இதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மடையைத் திறப்பது, மூடுவது, தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது, மழைக்காலத்தில் ராத்திரி கரையைச் சுற்றி வருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அறுப்பின்போது களத்தில் நெல்லாகக் கூலி அளந்தார்கள். தன் வயலுக்குத் தானே தண்ணீர் திருப்ப எந்தச் சம்சாரிக்கும், அதாவது விவசாயிக்கும், அனுமதி கிடையாது. வரத்துக் கால்வாய் வெட்டுவது, கரைக்கு மண் போடுவது, மடையை அடைப்பது போன்ற வேலைகளுக்கு நிலத்தின் அளவைப் பொறுத்து வீட்டுக்கு இத்தனை ஆள் என்று கணக்கு. இதுதான் குடிமராமத்து. ஆள் அனுப்பாதவருக்கு அபராதம்.

எலினார் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அறிஞர் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். பொதுவில் கிடக்கும் வளத்தை ஆளாளுக்குச் சுரண்டித் தீர்த்துவிடுவார்கள், ஒன்று அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, மூன்றாவது வழி ஒன்று உலகம் முழுக்க ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று அவர் காட்டினார். நேபாளத்தில் விவசாயிகளே மண்ணும் கல்லும் வைத்துக் கட்டி நடத்திய வாய்க்கால்கள், அரசு சிமெண்டில் கட்டிக் கொடுத்த வாய்க்கால்களைவிடக் கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் கொண்டு சேர்த்தன. யாருக்கு உரிமை என்ற எல்லை தெளிவாக இருப்பது, விதியைப் பயனாளிகளே போடுவது, கண்காணிக்க ஆள் இருப்பது, தப்புக்கு ஏற்ற தண்டனை என அவர் சொன்ன நிபந்தனைகளைப் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் நீர்பாய்ச்சிதான் கண் முன்னால் வந்தார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிய முதல் பெண் அவர்.

ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டை அப்படியே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட என்னால் முடியாது. நீர்பாய்ச்சி பெரும்பாலான ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். ராத்திரி மழையில் கரைமேல் நடந்தவர் அவர். முறை வைப்பது பற்றிய முடிவு நிலம் வைத்திருந்தவர்களின் திண்ணையில் நடந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசும்போதும் இதே நெருடல்தான். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. ஊரை முப்பது குடும்பாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்து, தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்தில் பெயர் போட முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த விதியை இன்றைக்கும் நான் வியக்கிறேன். ஆனால் குடத்துக்குள் பெயர் போவதற்குக் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. அந்த ஏரியில் உழைத்தவர்கள் யாரும் அந்த ஓலைகளில் இல்லை. பெண்களும் இல்லை. கணக்கு கேட்கும் மரபு நம்மிடம் பழையது. எல்லோரும் கணக்கு கேட்கலாம் என்பது புதியது, மிகவும் புதியது.

நடுவில் வெள்ளைக்காரன் காலம். வரியை முழுக்க மேலே எடுத்துக்கொண்டு, கரை காக்கும் வேலையை மட்டும் ஊர்மேல் விட்டார்கள். கூப்பிட்டதற்கு ஆள் வரவில்லை என்றதும் 1858-இல் மதராஸ் மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். வருமானம் அவர்களுக்கு, மண்வெட்டி நமக்கு என்றால் யார்தான் வருவார்கள்? சுதந்திரத்துக்குப் பிறகு நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும் அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரிந்தன. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள். எங்களுடையது ஒன்றியக் கண்மாய்.

கண்மாயை உண்மையில் சாய்த்தது வேறொன்று. எங்கள் ஊரில் முதலில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டவர்கள் பெரிய சம்சாரிகள். 1990-இல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் முழுக்க இலவசமான பிறகு அது வேகம் பிடித்தது. மோட்டார் வந்த பிறகு அவர்களுக்கு மடை வேண்டாம், முறை வேண்டாம், நீர்பாய்ச்சிக்கு நெல் அளக்க வேண்டியதும் இல்லை. அப்புறம் மராமத்துக்கு எதற்கு ஆள் அனுப்புவார்கள்? ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் மேசையைத் தட்டிக் கேட்கிற செல்வாக்கு அவர்களிடம்தான் இருந்தது. அவர்கள் விலகியதும் கண்மாய்க்குக் குரல் போய்விட்டது. மிச்சம் இருந்தவர்கள் போர் போட வழியில்லாத குறுவிவசாயிகள். கலிங்குக் கல் காணாமல் போனது, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியது, வரத்துக் கால்வாய் பக்கத்துத் தோட்டங்களுக்குள் கரைந்தது. இதில் வேதனையான சங்கதி என்னவென்றால், அந்தப் போர்களுக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்ததே கண்மாய்த் தண்ணீர்தான். கண்மாய் வறண்ட சில வருஷங்களில் போரும் இறங்கியது. நானூறு அடி, அறுநூறு அடி என்று துரத்திக்கொண்டு போனார்கள்.

பொதுக் காரியங்கள் கெட்டுப்போவதற்கு மக்களுக்குப் பொறுப்பில்லை, ஒற்றுமை இல்லை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. விலகிப் போகக் கூடியவர்கள் விலகிப் போகும்போதுதான் அவை கெடுகின்றன. அரசுப் பள்ளியிலிருந்து அதிகாரியின் பிள்ளையும் ஆசிரியரின் பிள்ளையும் வெளியேறிய பிறகு அங்கே கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று யார் சத்தம் போடுவது? கேன் தண்ணீர் வாங்கும் வீடு குழாய்த் தண்ணீரின் நிறத்தைக் கவனிப்பதில்லை. பொருளாதார வல்லுநர்கள் பள்ளிக்கூடத்தையும் குடிநீரையும் கறாரான அர்த்தத்தில் பொதுப் பொருள் என்று சொல்ல மாட்டார்கள். விதி என்னவோ ஒன்றுதான்.

இதற்கு நேர் எதிரான சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தது. தமிழ்நாடு பிரிக்கவில்லை. எல்லோருக்கும் அட்டை, அரிசி வேண்டும் என்பவர் யாராக இருந்தாலும் வாங்கலாம். பணக்காரனுக்கு எதற்கு ரேஷன் என்று இன்று வரைக்கும் கேட்கிறார்கள். எங்கள் ஊர் ரேஷன் கடையில் எடை குறைந்தால் வாத்தியார் வீட்டிலும் குறையும், கட்சிக்காரர் வீட்டிலும் குறையும். ஓய்வு பெற்ற தாசில்தார் வீட்டில் பருப்பு வரவில்லை என்றால் அன்றைக்கே தாலுகா ஆபீசுக்குப் போன் போகும். அந்தப் போனின் பலன் வரிசையில் பின்னால் நிற்கும் கூலிக்காரப் பெண்ணுக்கும் கிடைக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தால் அந்தப் பெண் தனியாகத்தான் கத்தியிருக்க வேண்டும். நம் ரேஷன் கடைகளில் குறைகள் எத்தனையோ உண்டு. ஆனாலும் பல மாநிலங்களைவிட அவை நன்றாக நடப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, செல்வாக்குள்ளவர்கள் விலகிப் போன இடங்களில் என்ன செய்வது? விலக முடியாதவர்களின் குரல் எங்கே கேட்கும்? சட்டம் அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. அதுதான் கிராம சபை.

73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நாம் ஆளைத்தான் அனுப்ப முடியும். இங்கே நாமே உறுப்பினர். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வருஷத்துக்கு நான்கு நாள் நடந்துகொண்டிருந்தது. 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் போனால் 300 பேர் வந்திருக்க வேண்டும். நகரத்துக்காரர்களுக்குக் கிராம சபை கிடையாது; பகுதி சபை, வார்டு கமிட்டி என்று 2022-இல்தான் தொடங்கியிருக்கிறது, அது இன்னும் பலருக்குத் தெரியவே தெரியாது.

கிராம சபையை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். சுதந்திர தினம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் தொடக்கப் பள்ளி வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து நோட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டது. நூறு நாள் வேலைப் பெண்கள்தான் முக்கால்வாசி. வராவிட்டால் வேலை கிடைக்காதோ என்று பயந்து வந்தவர்களும் அதில் உண்டு. மரத்தில் ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படிவம் 30, அதாவது ஊராட்சியின் வரவு செலவு. வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம் என்று ஒரு பக்கம். மறுபக்கம் மின்கட்டணம், மோட்டார் ரிப்பேர், தெருவிளக்குப் பராமரிப்பு, பிளீச்சிங் பவுடர். கிளார்க் மைக்கைப் பிடித்து, தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போனார். யாருடைய காதிலும் விழவில்லை. டெங்கு விழிப்புணர்வு, மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு என்று மேலிருந்து வந்த பொருள்கள்.

காலனியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த பேத்தியை விட்டு பிளெக்ஸை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"தம்பி, லைட்டுன்னு ஒரு தொகை எழுதியிருக்குல்ல, அது எந்தத் தெருவுக்கு வாங்குனது?"

"எல்லாத் தெருவுக்கும்தான் ஆத்தா."

"எங்க தெரு எல்லாத்துல சேத்தியா இல்லையா? கோயில்கிட்ட இருந்து எங்க வீடு வர ஒரு கம்பத்துலயும் எரியல. பாம்புக்குப் பயந்துக்கிட்டு பிள்ளைக டார்ச்சு அடிச்சுத்தான் டியூசன் போயி வருது."

"அடுத்த மாசம் பாத்துப் போட்டுருவோம் ஆத்தா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "போனவாட்டியும் இதத்தான் சொன்னீக. இந்தவாட்டி அதை நோட்டுல எழுது. எத்தன கம்பம்னு எழுது. எழுதி வாசிச்சுக் காட்டு, அப்புறம் உக்காருறேன்."

பின்னால் இருந்த பெண்களும் "எழுதுங்க, எழுதுங்க" என்று சேர்ந்துகொண்டார்கள். தலைவர் கிளார்க்கைப் பார்த்துத் தலையசைத்தார். எழுதினார்கள். வாசித்தும் காட்டினார்கள். பொங்கலுக்கு முன்னால் அந்தத் தெருவில் விளக்கு எரிந்தது.

அந்தப் பெரியம்மா செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தெருவிளக்குக்கும் கலங்கரை விளக்கம் மாதிரிதான் இலக்கணம் சொல்வார்கள்: யாரையும் விலக்க முடியாது. அதன் வெளிச்ச வட்டத்துக்குள் நிற்பவர்களுக்கு அது உண்மை. ஆனால் கம்பத்தை எந்தத் தெருவில் நடுவது, பியூஸ் போனால் எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதில் விலக்கி வைக்க எவ்வளவோ இடம் இருக்கிறது. பொதுப் பொருள் என்று பெயர் வைத்துவிட்டதாலேயே அது பொதுவாகிவிடாது. எல்லாத் தெருவுக்கும் என்று கணக்கில் எழுதியிருந்ததற்கும் எந்தத் தெருவில் எரிகிறது என்பதற்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான் அவர் பிடித்தார். பேசிக் கலைந்திருந்தால் அது வெறும் புகார். தீர்மான நோட்டில் ஏறிவிட்டால் ஆவணம். ஒன்றியத்தின் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்குப் போகும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம், அடுத்த கூட்டத்தில் போன கூட்டத் தீர்மானம் என்ன ஆச்சு என்று கேட்கலாம்.

காலனித் தெருக்காரர் எழுந்து நின்று கேட்கும் இந்த நிலைமைக்கு வந்து சேரக் கொடுத்த விலையையும் மறந்துவிடக் கூடாது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் ஒன்று மேலூர் பக்கத்து மேலவளவு. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிய பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அப்புறம் நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தலே நடக்க முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்தாலும், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்துவிடுவார்கள். 2006-இல்தான், மதுரை ஆட்சியராக உதயச்சந்திரன் இருந்தபோது, பலமுறை ஊராரோடு பேசிப் பேசித் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியில் நிலைத்தார்கள். நமக்குப் பக்கத்தில், நம் காலத்தில் நடந்தவை இவை. குடிமைப் பங்கேற்பு என்று பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வருவதற்குப் பின்னால் ரத்தம் இருக்கிறது.

பெண்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு இடம் இருந்தது. 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. புருஷன்தான் தலைவர் மாதிரி நடமாடுகிறார் என்ற குறை உண்மைதான், நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் செக்கில் கையெழுத்து தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டியது. கையெழுத்துப் போடுகிறவர், எதற்குப் போடுகிறோம் என்று ஒருநாள் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். அப்படிக் கேட்க ஆரம்பித்த பெண்களையும் பார்த்திருக்கிறேன்.

கிராம சபைத் தீர்மானம் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022-இலிருந்து கிராம சபைக்குக் கிராம சபை தீர்மானம் போட்டார்கள். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. அரிட்டாபட்டியில் வேறு கதை நடந்தது. பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஊரும் சேர்ந்த நிலப்பரப்பை, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கென்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் கொடுத்தது மத்திய அரசு. மேலூர் வட்டாரத்து ஊர்கள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டசபை தீர்மானம் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. தீர்மானத்தால் மட்டும் அது நடக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரும் தன் நிலைப்பாட்டை எழுத்தில் வைத்திருந்ததால், யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்ற வழக்கமான பேச்சு அங்கே எடுபடவில்லை.

ஊராட்சியின் கையில் இருக்கும் பணமும் கொஞ்சம்தான். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்க வேண்டும் என்று மேலேயே கட்டிப் போட்டு அனுப்பினார்கள். கேரளம் 1996-இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, எதற்குச் செலவு செய்வது என்று ஊரையே கூட்டிப் பேசியது. தமிழ்நாடு அந்த அளவுக்கு அதிகாரத்தை இறக்கிக் கொடுக்கவே இல்லை. திமுக, அதிமுக என்று யார் ஆண்டாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. மாநில சுயாட்சி கேட்கும் நாம் ஊர் சுயாட்சியைக் கேட்கத் தயங்குவது எனக்கு ஆறாத வருத்தம். 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே நூறு கோடியில் கண்மாய்களைச் சீரமைக்கும் திட்டம் வந்தது. வேலை நடந்தது, நல்லதுதான். பொக்லைன் வந்து மண்ணை அள்ளிவிட்டுப் போன பிறகு, அடுத்த வருஷம் மடையில் அடைத்திருக்கும் குப்பையை யார் எடுப்பது என்பதைத் திட்டம் சொல்லவில்லை.

அப்புறம் தேர்தல். ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த உள்ளாட்சித் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. அதிலும் 9 மாவட்டங்கள் 2021 வரை காத்திருந்தன. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. மறுபடியும், தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக அரசு நியமிக்கும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலருக்கு ஓட்டுப் போட்டவர் யாரும் இல்லை. ரோட்டில் மறித்துக் கேட்க முடியாது, அவர் வீடு நம் ஊரில் இல்லை. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் என்று ஒன்று கிடையாது. தலைவர் இல்லாத காலத்திலும் கூட்டம் நடந்தாக வேண்டும், பிளெக்ஸ் கட்டியாக வேண்டும், நோட்டு திறந்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போது ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாய், பாதி தூரத்துக்கு மேல் கண்ணுக்கே தெரிவதில்லை. வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்காக இருக்கிறது. நில அளவை காட்டும் புலப்படத்தை இணையத்திலிருந்து எடுத்தாயிற்று. சர்வே எண்களை வரிசையாக எழுதியும் வைத்திருக்கிறோம். ஓரத்தில் தென்னை வைத்திருப்பவர்களில் எங்கள் பங்காளிகளும் உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறோம். ஒருவர் ஒத்துக்கொண்டார், மற்றவர்கள் பிடி கொடுக்கவில்லை. அடுத்த கிராம சபையில், தாலுகா சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். போர் வைத்திருக்கும் சம்சாரிகள் சிலரும் இந்த முறை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய போர் போன கோடையில் நின்றுவிட்டது.